யாரை நிறுத்திருக்காக?

தேர்தல் வந்துட்டா ஊர்ல இருந்து எனக்கு ஒரு போன் கட்டாயம் வரும். எங்க பெரியப்பா. பாலவனத்தத்துல இருந்து.

"ஏப்பா, பட்டியல் வந்துருச்சாமே, நெட்டுல பாத்துச் சொல்லு. நம்ம தொகுதிக்கு யாரை நிறுத்திருக்காக?"

மொதல்ல இதுல எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தோணல. அவருக்கு நெட் பாக்கத் தெரியாது, எனக்குத் தெரியும், கேக்குறார், அவ்வளவுதான்னு நெனச்சேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சது. நாப்பது வருஷமா கட்சிக்கொடி பிடிச்ச மனுஷன். சுவத்துக்கு வெள்ளையடிச்சு சின்னம் வரைஞ்சிருக்கார், போஸ்டருக்குப் பசை காய்ச்சிருக்கார், பூத்துல உக்காந்து யார் வந்தா யார் வரலைன்னு டிக் அடிச்சிருக்கார். அப்பேர்ப்பட்டவர், தன் தொகுதில தன் கட்சிக்கு யார் நிக்கிறாங்கன்னு, சென்னைல ஏசி ரூம்ல உக்காந்து ஜாவா தட்டிக்கிட்டு இருக்குற என்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிறார். நானாவது கட்சி உறுப்பினரான்னா அதுவும் இல்ல.

இதைப் பத்தித்தான் கொஞ்சம் பொலம்பலாம்னு இருக்கேன். வழக்கம்போல நீளமா போகும். பொறுத்துக்கோங்க :-)

சமீபத்துல நடந்ததுல இருந்தே ஆரம்பிக்கிறேன். 2024 பாராளுமன்றத் தேர்தல், விருதுநகர் தொகுதி. அருப்புக்கோட்டை சட்டமன்றத் தொகுதி அதுக்குள்ளதான் வருது. (பக்கத்துல இருக்குற திருச்சுழி, அதே மாவட்டம்தான், ஆனா ராமநாதபுரம் பாராளுமன்றத் தொகுதி. ஒரே பஸ்ல போறவங்களுக்கு ரெண்டு எம்.பி.!) வாக்குப்பதிவு ஏப்ரல் 19. மூணு முக்கிய வேட்பாளர். காங்கிரஸ்ல மாணிக்கம் தாகூர், தே.மு.தி.க.வுல மறைந்த விஜயகாந்த்தோட மகன் விஜய பிரபாகரன், பா.ஜ.க.வுல நடிகை ராதிகா. மூணு பேர் பேரும் அதிகாரபூர்வமா வந்ததே மார்ச் 20-க்கு மேலதான். ராதிகாவோட கணவர் சரத்குமார் தன் கட்சியை பா.ஜ.க.வோட இணைச்சதே அதே மார்ச் மாசம்தான். ஆக, நம்மளை அஞ்சு வருஷத்துக்கு டில்லில பிரதிநிதியா உக்காந்து பேசப்போறது யாருங்கிற கேள்வியில நமக்குக் கிடைச்ச டைம் ஒரு மாசம் கூட இல்ல. முடிவு என்னாச்சு? மாணிக்கம் தாகூர் வெறும் 4,379 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். அந்த அளவுக்கு இழுபறி.

இன்னொன்னும் கவனிங்க. அந்த ஓட்டு மெஷின்ல உதயசூரியனும் இல்ல, இரட்டை இலையும் இல்ல. 2019-லயும் இதே கதைதான், காங்கிரசுக்கும் தே.மு.தி.க.வுக்கும் போட்டி. எங்க ஊர்ப்பக்கம் பாதிக்கு மேல அந்த ரெண்டு கட்சிக்காரங்கதான். ரெண்டு பாராளுமன்றத் தேர்தல்ல தொடர்ச்சியா, தங்களோட சின்னத்துல ஓட்டுப் போட அவங்களுக்கு வழியே இல்ல. கூட்டணின்னா அப்படித்தான், விட்டுக்குடுக்கணும், ஒத்துக்கிறேன். ஆனா விட்டுக்குடுத்தது யாரு? சென்னைல நாலு பேர் உக்காந்து ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டாங்க. விருதுநகர் மாவட்டத்துல ஒரு கிளைக்கழகத்தைக் கூட்டி, "விட்டுக்குடுக்கலாமாய்யா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டதா நான் கேள்விப்பட்டதில்ல.

சரி, இது சட்டப்படி எப்படி நடக்குது? நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு ஏ, பி படிவம் பத்தித் தெரியாது. எனக்கும் வேலைக்கு வந்தப்புறம்தான் தெரியும். கட்சித் தலைமை, "இன்னார் எங்க சார்புல வேட்பாளரை அறிவிக்க அதிகாரம் பெற்றவர்"னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறது ஏ படிவம். அந்த அதிகாரம் பெற்றவர், "இந்தத் தொகுதிக்கு எங்க வேட்பாளர் இவர்தான்"னு குடுக்கிறது பி படிவம். வேட்புமனு தாக்கல் பண்ற கடைசி நாள் மதியம் 3 மணிக்குள்ள இது தேர்தல் அதிகாரி கைக்குப் போயிடணும். போச்சுன்னா சின்னம். போகலைன்னா அம்போ. அந்த 3 மணிக்குள்ள பேரை மாத்தி வேற பி படிவம் வந்துச்சுன்னா, நேத்து வரைக்கும் மாலை போட்டுக்கிட்டு சுத்துனவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

1968-ம் வருஷத்து சின்னங்கள் ஆணைல வர்ற சமாச்சாரம் இது. இந்த ரெண்டு பேப்பர்லயும் ஒரே ஒரு கேள்வி மட்டும் இல்ல. "இவரை நீங்க எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?" ஓட்டுப் போட்டீங்களா, சீட்டுக் குலுக்கினீங்களா, ஜாதகம் பாத்தீங்களா, கேக்கவே மாட்டாங்க. கையெழுத்து ஒழுங்கா இருக்கா, அது மட்டும்தான்.

அந்தக் கையெழுத்து எவ்வளவு பெரிய சமாச்சாரம்னு அ.தி.மு.க. உள்கட்சிச் சண்டைல ஊரே பாத்துச்சு. 2022-ல ரெண்டு தலைவர்களுக்கும் ஒத்துவராம, ரெண்டு கையெழுத்தும் சேந்து கிடைக்காம, அந்த ஜூலை உள்ளாட்சி இடைத்தேர்தல்ல அவங்க ஆளுங்களுக்கு இரட்டை இலையே கிடைக்கல. 2023 பிப்ரவரில ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் வந்தப்ப விஷயம் உச்சநீதிமன்றம் வரைக்கும் போய், பொதுக்குழு உறுப்பினர்கள் கருத்தைக் கேட்டு வேட்பாளரை முடிவு பண்ணுங்க, அவைத்தலைவர் அதைத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பட்டும்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. ஒரு வேட்பாளரைத் தீர்மானிக்க கட்சிக்காரங்ககிட்ட கருத்துக் கேக்கணும்னா, அதுக்கு சுப்ரீம் கோர்ட் தேவைப்படுது பாருங்க!

"அதெல்லாம் இல்லப்பா, விருப்ப மனு வாங்குறாங்க, நேர்காணல் நடத்துறாங்க, எல்லாம் முறைப்படிதான்"னு சொல்றவங்க உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு விருப்ப மனு கட்டணம் தி.மு.க.வுல பொதுத்தொகுதிக்கு 25,000 ரூபாய், பெண்களுக்கும் தனித்தொகுதிக்கும் 15,000. அ.தி.மு.க.வுல 15,000. இப்ப அரசாங்கக் கணக்கைப் பாருங்க. சட்டமன்றத்துக்கு நிக்க டெபாசிட் 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5,000. பதிவான செல்லுபடியாகும் ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கிட்டா அந்தக் காசும் திரும்பி வந்துடும். ஆக, மக்கள்கிட்ட போய் நிக்கிறதை விட தலைமைகிட்ட போய் நிக்கிறதுக்குக் காஸ்ட்லி. எங்க கம்பெனில இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு காசு கேட்டா, அது டுபாக்கூர் கம்பெனின்னு நாமளே நாலு பேருக்கு மெயில் அனுப்பி எச்சரிக்கை பண்ணுவோம்.

இந்த இடத்துல பெரியப்பா கதையைச் சொல்லிடறேன். எந்தக் கட்சி, எந்த வருஷம்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

ஒரு தேர்தலுக்கு பெரியப்பாவும் விருப்ப மனு போட்டார். சீட்டு கிடைக்கும்னு அவருக்கே நம்பிக்கை கிடையாது. "ஒரு தடவை கேட்டுப் பாத்துருவோம்ப்பா, கேக்காம செத்தா மனசு ஆறாது"ன்னார். எங்க பக்கம் வெவசாயம் மானாவாரி. மழை பேஞ்சா கம்பு, சோளம், பருத்தி, மல்லி. பேயலைன்னா இருக்கவே இருக்கு சீமைக்கருவேலம், வெட்டி மூட்டம் போட்டா கரி. அந்த வருஷம் மூட்டம் போட்ட கரியை வித்த காசுதான் கட்டணமாப் போச்சு. பெரியம்மா ஒரு வாரம் பேசல.

அவர்கிட்ட ஒரு நோட்டு உண்டு. ரெட்டை அட்டை போட்ட நீள கணக்கு நோட்டு. நம்ம சுத்துவட்டாரத்துல எத்தனை கண்மாய், எந்தக் கண்மாய்க்கு எங்க இருந்து வரத்துக்கால், எந்த மடை உடைஞ்சிருக்கு, எது மறுகால் பாஞ்சா எந்தக் கண்மாய்க்குப் போகும், எந்த வரத்துக்கால்ல யார் வேலி போட்டுட்டாங்க (பேரோட!), எல்லாம் எழுதி வெச்சிருப்பார். எஞ்சினியரிங் காலேஜ்ல நாலு வருஷம் படிச்ச நான், அப்படி ஒரு டாக்குமெண்டேஷன் இதுவரைக்கும் எழுதினதில்ல. சத்தியமா. அந்த நோட்டைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு, புது வேட்டி கட்டிக்கிட்டு, நேர்காணலுக்குப் போனார். கூட வேன்ல பத்துப் பேர்.

ரெண்டு நிமிஷம். ரெண்டே கேள்வி. எந்தச் சமூகத்து ஓட்டு எவ்வளவு இருக்கு? நீங்க எவ்வளவு செலவு பண்ணுவீங்க? முடிஞ்சது. நோட்டை வெளிய எடுக்கவே இல்ல. சுத்தின துண்டோட அப்படியே திரும்பி வந்தது.

சீட்டு வேற ஒருத்தருக்குப் போச்சு. பெரியப்பா ரெண்டு நாள் வீட்டை விட்டு வெளிய வரல. மூணாம் நாள் அவரே போய் வேட்பாளர் ஜீப்புல முன்னாடி உக்காந்து ஊர் ஊரா வழி காட்டினார். எங்க ஊருக்குள்ள நுழைஞ்சதும் வேட்பாளர் மைக்கை வாங்கி, கையில இருந்த துண்டுச்சீட்டைப் பாத்து, "பாலைவனத்தம் வாக்காளப் பெருமக்களே"ன்னார். டீக்கடைல இருந்து ஒருத்தர், "மழை இல்லாட்டி அதுவும் சரிதான்யா"ன்னு குரல் குடுக்க, எல்லாரும் சிரிச்சுட்டாங்க. பெரியப்பா சிரிக்கல.

"ஏன் பெரியப்பா, கோவமே வரலையா?"ன்னு அப்புறம் ஒரு நாள் கேட்டேன். "கட்சி முடிவு பண்ணிருச்சு. அதுக்கு மேல என்ன இருக்கு?"ன்னார்.

ஞாயமா பேசணும்னா எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். தலைமை யாரை வேணாலும் நிறுத்தட்டும்ப்பா, கடைசில ஓட்டுப் போடறது நாமதானே, பிடிக்கலைன்னா தோக்கடிக்க வேண்டியதுதானேம்பாங்க. உண்மைதான். எங்க மாவட்டம் அதுக்கு சாட்சி. 1967-ல விருதுநகர்ல காமராஜரையே 1,285 ஓட்டுல தோக்கடிச்சாங்க, அதுவும் சீனிவாசன்னு ஒரு மாணவர் தலைவர்கிட்ட. அதே மாதிரி, 1977-ல எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைல நின்னு ஜெயிச்சு, எங்க எம்.எல்.ஏ.வே முதலமைச்சர் ஆனார். எங்க தாத்தா காலத்து ஆளுங்க இன்னிக்கும் அதைச் சொல்லி மீசையைத் தடவுவாங்க. 1998 இடைத்தேர்தல்ல அப்பா தங்கபாண்டியன் மறைவுக்கு அப்புறம் தங்கம் தென்னரசு அருப்புக்கோட்டைல நின்னார். வாரிசுன்னு அப்பவும் பேசினாங்க. அப்புறம் 2006-ல அருப்புக்கோட்டை, 2011, 2016, 2021-ல திருச்சுழின்னு ஜனங்க திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டிருக்காங்க. தலைமை குடுக்குற ஆள் எல்லாமே மோசம்னு நான் சொல்லவே இல்ல.

எங்க ஊரே ஜமீன் ஊரு. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்தான் 1901-ல மதுரைல நாலாம் தமிழ்ச்சங்கம் வெச்சவர், வ.உ.சி. கப்பல் கம்பெனிக்குத் தோள் குடுத்தவர். அருமையான மனுஷர். ஆனா அவர் ஜமீன்தாரா வரணும்னு எங்க ஊர்ல யாரும் ஓட்டுப் போடல. நல்லவரா அமைஞ்சது எங்க பாட்டன் பூட்டன் செஞ்ச புண்ணியம். ஜமீன் முறை ஒழிஞ்சு இத்தனை வருஷம் ஆகியும், நல்லவரா அமையணும்னு சாமி கும்பிட்டுக்கிட்டே டிவி முன்னாடி பட்டியலுக்கு உக்காந்திருக்கோமே, அதுதான் எனக்கு இடிக்குது.

தோக்கடிக்கிற உரிமைன்னு சொன்னேன்ல, அதுலயும் எவ்வளவு தூரம் போகமுடியும்? ரெண்டு பெரிய கூட்டணியும் பிடிக்காத ஆளை நிறுத்திட்டா ஒண்ணு சுயேச்சை, இல்லைன்னா நோட்டா. கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேணும்னு சட்டமே வெச்சிருக்கு. 2011, 2016, 2021 மூணு பொதுத்தேர்தல்லயும் தமிழ்நாட்டுல ஒரு சுயேச்சை கூட ஜெயிக்கல. (2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் தினகரனைச் சொல்லாதீங்க. அவர் என்ன, பெரியப்பா மாதிரி சுயேச்சையா?) நோட்டா 2013 உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் வந்துச்சு. ஆனா நோட்டாவே முதலிடம் வந்தாலும் ரெண்டாவதா வந்தவர்தான் எம்.எல்.ஏ. பசிக்குதுன்னு ஓட்டல்ல போய் உக்காந்தா, உப்புமா இல்லைன்னா பொங்கல். ரெண்டும் வேணாம்னு எழுதிக் குடுத்தா, எழுதின பேப்பரை வாங்கி வெச்சுக்கிட்டு உப்புமாவையே வெப்பாங்க.

சீட்டு குடுத்த கையில அதிகாரம் இருக்குற கதை, ஜெயிச்ச அன்னிக்கோட முடியறதில்ல. 1985-ல கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்துச்சு. காசுக்குக் கட்சி மாறினவங்களைத் தடுக்கத்தான் கொண்டுவந்தாங்க, தப்பு சொல்லல. ஆனா கொறடா சொல்றதுக்கு மாறா ஓட்டுப் போட்டா பதவி காலியாகலாம். எங்க பக்கத்துத் தொகுதி சாத்தூர் என்ன ஆச்சு? 2017 செப்டம்பர்ல, முதல்வருக்கு எதிரா ஆளுநர்கிட்ட கடிதம் குடுத்த 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களை சபாநாயகர் தகுதிநீக்கம் பண்ணினார். அதுல சாத்தூர் எம்.எல்.ஏ.வும் ஒருத்தர். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல்ல. ஒன்றரை வருஷத்துக்கும் மேல சாத்தூருக்கு எம்.எல்.ஏ.வே இல்ல. அவர் செஞ்சது சரியா தப்பாங்கிறது வேற வாதம். அந்த முடிவுல சாத்தூர்க்காரன் எங்கயுமே வரல, அதுதான் என் வாதம். சீட்டு குடுக்குறதும் மேல, எடுக்குறதும் மேலன்னா, எம்.எல்.ஏ. யார் மூஞ்சியைப் பாத்துப் பேசுவார்? கண்மாய் மடையைப் பாப்பாரா, மேலிடத்தோட மூடைப் பாப்பாரா?

எப்பவுமே இப்படித்தானா இருந்துச்சுன்னா, இல்லைங்க. எங்க மாவட்டத்துக்காரர் காமராஜரே உதாரணம். 1940-ல தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல்ல அவர் ஜெயிச்சது மூணே ஓட்டு வித்தியாசத்துல. 1954-ல முதலமைச்சர் ஆனப்பவும் யாரும் கவர்ல பேர் போட்டு அனுப்பல. சட்டமன்றக் கட்சில சி. சுப்பிரமணியத்தோட போட்டி போட்டு 93-க்கு 41-ன்னு ஜெயிச்சார். தோத்த சி.எஸ்.ஸை மந்திரிசபைல சேத்துக்கிட்டார். கட்சிக்குள்ள ஓட்டுப் போட்டா கட்சி உடைஞ்சுடும்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

வெளில எப்படிப் பண்றாங்க? அமெரிக்கா பிரைமரி தெரியும். 1968-ல ஒரு பிரைமரில கூட நிக்காத ஹம்ப்ரியை ஜனநாயகக் கட்சி வேட்பாளராக்கி, பெரிய ரகளை ஆகி, அதுக்கப்புறம்தான் இன்னிக்கு இருக்குற முறை வந்துச்சு. இங்கிலாந்துல 2009-ல டாட்னஸ்ங்கிற தொகுதில கன்சர்வேட்டிவ் கட்சி, எந்தக் கட்சிக்காரங்களா இருந்தாலும் பரவாயில்லைன்னு தொகுதி வாக்காளர் எல்லாருக்கும் தபால்ல ஓட்டுச்சீட்டு அனுப்பிச்சு. சுமார் 16 ஆயிரம் பேர், நாலுல ஒருத்தர், ஓட்டுப் போட்டு அனுப்பினாங்க. ஜெயிச்சது சாரா வொல்லாஸ்டன்னு ஒரு ஊர் டாக்டர். அரசியல் குடும்பம் எல்லாம் இல்ல. செலவு ஜாஸ்தின்னு அப்புறம் அதைப் பெருசா தொடரல. ஸ்ரீலங்கால விருப்பு வாக்கு இருக்கு. கட்சிக்கு ஒரு ஓட்டு, அந்தக் கட்சிப் பட்டியல்ல நமக்குப் பிடிச்ச மூணு பேர் வரைக்கும் தனியா குறிக்கலாம். யாழ்ப்பாணத்துக்காரங்களுக்கு இது ரொம்ப சாதாரணம். அதுலயும் ஒரே கட்சிக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் கவுக்குறதுன்னு பிரச்சினை இருக்கத்தான் செய்யுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜெர்மனி. அங்க தொகுதி வேட்பாளரை, அந்தத் தொகுதில இருக்குற கட்சி உறுப்பினர்களோ அவங்க தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளோ ரகசிய ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணணும். சட்டமே அப்படி. கூட்டம் எங்க எப்ப நடந்துச்சு, எத்தனை பேர் வந்தாங்க, யாருக்கு எவ்வளவு ஓட்டுன்னு எழுதின நடவடிக்கைக் குறிப்பை வேட்புமனுவோட இணைக்கணும். இல்லாட்டி மனு செல்லாது. நம்ம பி படிவத்துல இல்லாத அந்த ஒரு கேள்வி அங்க இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம நாட்டுல முயற்சியே நடக்கலையான்னா, நடந்துச்சு. 2014-ல ராகுல் காந்தி பதினஞ்சு சொச்சம் தொகுதில பிரைமரி வெச்சார். அதுல ஒண்ணு வதோதரா. நரேந்திர ராவத்னு ஒருத்தர் பிரைமரில ஜெயிச்சார். அப்புறம் பா.ஜ.க. அங்க மோடியை அறிவிச்சதும், ராவத் ஒதுங்கி, மதுசூதன் மிஸ்திரியை நிறுத்தினாங்க. பெரிய மேட்ச் வந்ததும் டீமைப் பழைய செலக்டரே எடுத்துட்டார்.

இதுல எனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வி இருக்கு, அதையும் மறைக்காம சொல்லிடறேன். நாளைக்கே எங்க பக்கம் பிரைமரி வெச்சா என்ன நடக்கும்? எந்த ஊர்ல எந்தச் சாதி எத்தனை தலைக்கட்டுன்னு கணக்குப் போட்டு, எண்ணிக்கை ஜாஸ்தி இருக்குறவங்க மட்டும்தான் ஜெயிப்பாங்க. சின்னச் சமூகத்துல பொறந்தவருக்கு, பொம்பளைங்களுக்கு, வாய்ப்பு இன்னும் கொறையலாம். 2021-ல நாம் தமிழர் கட்சி 234-ல சரிபாதி 117 இடத்தைப் பெண்களுக்குக் குடுத்துச்சுன்னா, அது மேல இருந்து எடுத்த முடிவுங்கிறதாலதான் நடந்துச்சு. ஜெயலலிதா 2016-ல 227 வேட்பாளரை ஒரே நாள்ல அறிவிச்சாங்க, அடுத்த நாள்ல இருந்தே பல பேரை மாத்தவும் செஞ்சாங்க. ஆனா அந்த அம்மா பட்டியல்ல, போன் கூட எதிர்பாக்காத சாதாரண ஒன்றிய ஆளுங்க பேரும் வரும். அந்த அதிர்ஷ்டம், பணம் செலவழிச்சு ஓட்டு வாங்குற பிரைமரில அவங்களுக்குக் கிடைக்குமா? தெரியாது.

அதனால நான் பெருசா கேக்கல. ரெண்டே ரெண்டு.

ஒண்ணு. ஜெர்மனி மாதிரி, பி படிவத்தோட ஒரு பேப்பர் இணைக்கச் சொல்லுங்க. தொகுதில இருக்குற கிளைச் செயலாளர்கள், பூத் ஆளுங்க மட்டுமாவது ரகசியமா ஓட்டுப் போடட்டும். தலைமை மூணு பேர் பேரைக் குடுத்து அதுல ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாக்கூட சரி. அந்த மூணுல ஒரு பொம்பளை, ஒரு சின்னச் சமூகத்து ஆள்னு தலைமையே போடட்டும். சாதிக் கணக்குக்கும் ஓரளவு கடிவாளம் ஆச்சு.

ரெண்டு. காரணம் சொல்லுங்க. இது ஒண்ணும் கனவு இல்ல. 2020 பிப்ரவரில உச்சநீதிமன்றம் சொல்லிருக்கு. கிரிமினல் வழக்கு இருக்குறவரை நிறுத்தினா, ஏன் இவரை நிறுத்தறோம், வழக்கு இல்லாத வேற ஆள் ஏன் கிடைக்கலைன்னு 48 மணி நேரத்துக்குள்ள கட்சி வெளியிடணும். ஜெயிக்கிற ஆளுங்கிறது மட்டும் காரணம் ஆகாது. வழக்கு இருக்குறவருக்குக் காரணம் சொல்லலாம்னா, வழக்கு இல்லாதவருக்கும் சொல்லலாம்ல? அரைப் பக்கம் போதும். "இவர் இந்தத் தொகுதிக்கு இதெல்லாம் செஞ்சிருக்கார்"னு எழுதத் தெரியலைன்னா, அந்த ஆளை எதுக்கு நிறுத்தறீங்க?

என் பங்குக்கு ஒரு வாக்குமூலம். 2016-ல காலேஜ் படிக்கிறப்ப என் முதல் ஓட்டு. ஊருக்கு பஸ் ஏறி வந்து பெருமையா போட்டேன். யாருக்குன்னு கேட்டா சின்னம்தான் ஞாபகம் இருக்கு. பட்டனுக்குப் பக்கத்துல இருந்த பேரை நான் படிக்கவே இல்ல. பேரைப் படிக்காத என்னை மாதிரி ஆளுங்க இருக்குற வரைக்கும், பேரை எழுதறவங்க எதுக்குக் கவலைப்படணும்?

ஆனா பேரைப் படிச்சு ஓட்டுப் போடற தேர்தல் ஒண்ணு எங்க ஊர்ல உண்டு. ஊராட்சித் தலைவர் தேர்தல். கட்சிச் சின்னம் கிடையாது. 2019 டிசம்பர்ல நடந்துச்சு. இளஞ்சிவப்பு ஓட்டுச்சீட்டு. பூட்டு சாவி, ஆட்டோன்னு ஏதாவது ஒரு சின்னம். நிக்கணும்னு நெனச்சவங்க நின்னாங்க. யார் அனுமதியும் தேவைப்படல. அங்கயும் காசு, சாதி, தண்ணி எல்லாம் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா நின்னவங்கள்ல ரெண்டு பேர் தனித்தனியா எங்க வீட்டுக்கு வந்தாங்க. வந்து என்ன கேட்டாங்க தெரியுமா? "அண்ணே, அந்தக் கண்மாய் நோட்டைக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தர்றோம்." பெரியப்பா முகத்தை அன்னிக்குப் பாத்திருக்கணும் நீங்க.

அப்படித் தேர்ந்தெடுத்தவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோட முடிஞ்சு, ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் கைல குடுத்தாங்க. நாங்க பேர் பாத்து ஓட்டுப் போட்ட ஒரே இடத்துக்கும், மேல இருந்து ஆள் போட்டாச்சு.

போன தடவை ஊருக்குப் போனப்ப அந்த நோட்டை வாங்கிட்டு வந்தேன். சனி ஞாயிறுல உக்காந்து எக்செல்ல ஏத்திட்டு இருக்கேன். பாதி முடிஞ்சது. சில எழுத்து புரியாம போன் பண்ணினா, "அது மடை இல்லப்பா, கலிங்கு"ன்னு திருத்துறார். முடிச்சதும் யார்கிட்ட குடுக்கிறதுன்னு கேட்டேன்.

"அடுத்த தேர்தலுக்கு யாரை நிறுத்துறாகன்னு பாப்போம். அவருகிட்ட குடுப்போம்"ன்னார்.

டிஸ்கி: பெரியப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன். "பேரு போடாம எழுதிக்க. கட்சிக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாது"ன்னு சொன்னார்.